கிளவுட் விஎம்ல மிச்சம் கிடக்குற ரெஸ்டோர் பாயிண்டை பத்திரமா தூக்குறது எப்படி

விஎம்மை, அதாவது கிளவுட்ல வாடகைக்கு ஓடுற விர்ச்சுவல் மெஷினை, டிலீட் பண்ணியாச்சு, டிஸ்க்கும் போயாச்சு, ஐபி, நெட்வொர்க் கார்டு எல்லாம் தூக்கியாச்சு, ஆனா பில்லுல ஸ்னாப்ஷாட்னு (டிஸ்க்கோட அந்த நேரத்து காப்பி) ஒரு வரி மட்டும் மாசா மாசம் வந்துட்டே இருக்கு. இல்லைனா விஎம்மை வேற ரிசோர்ஸ் குரூப்புக்கு (விஎம், டிஸ்க் எல்லாத்தையும் சேர்த்து வைக்குற ஃபோல்டர் மாதிரி) மாத்தலாம்னு போனா ரெஸ்டோர் பாயிண்ட் கலெக்ஷன் இருக்கு, நகராதுன்னு எரர் அடிக்குது. இல்லைனா நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடிட்டு இருந்த பேக்கப் இன்னைக்கு காலைல ரெஸ்டோர் பாயிண்ட் லிமிட் முடிஞ்சிருச்சுன்னு நின்னு போச்சு. இந்த மூணுல ஏதோ ஒண்ணுல மாட்டிதான் பெரும்பாலும் எல்லாரும் இந்த பக்கம் வர்றாங்க, மூணுக்கும் போய் நிக்குற இடம் ஒண்ணுதான்.

நான் சொல்லப்போறது முக்கியமா மைக்ரோசாஃப்டோட கிளவுட்டான அஸூர்ல இருக்குற விஎம் பத்தி, ஏன்னா இந்த மிச்சம் கண்ணுக்கு தெரியாம ஒளிஞ்சு கிடக்குறது அங்கதான். கடைசில அமேசான், கூகுள் ரெண்டுலயும் என்ன மாறும்னு கொஞ்சம் சொல்றேன். அழிக்குறது ரெண்டு கிளிக் வேலை, அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை யார் வச்சது, அதுல இருக்குற டேட்டா வேற எங்கயாவது பத்திரமா போய் சேர்ந்திருக்கா, இது ரெண்டையும் பார்க்குறதுதான் உண்மையான வேலை, அதனால இந்த கைடுல பாதிக்கு மேல அதுதான் இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல இது என்னன்னு பார்த்துடலாம். அஸூர் பேக்கப் ஒரு விஎம்மை பேக்கப் எடுக்கும்போது ரெண்டு கட்டமா எடுக்குது. முதல் கட்டத்துல டிஸ்க் எல்லாத்தையும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து உங்க சப்ஸ்கிரிப்ஷன்லயே, அதாவது பில் வர்ற உங்க அஸூர் கணக்குலயே, வச்சுக்குது, ரெண்டாவது கட்டத்துல அந்த ஸ்னாப்ஷாட்ல இருந்து டேட்டாவை ரெக்கவரி சர்வீசஸ் வால்ட்டுக்கு, அதாவது பேக்கப்பை தனியா பத்திரமா வைக்குற இடத்துக்கு, அனுப்புது. வால்ட்டுக்கு போனதுக்கு அப்புறமும் ஸ்னாப்ஷாட்டை உடனே அழிக்காது, அவசரத்துக்கு சீக்கிரம் ரெஸ்டோர் பண்ணிக்கலாம்னு சில நாள் வச்சிருக்கும், இதைத்தான் இன்ஸ்டன்ட் ரெஸ்டோர்னு சொல்றாங்க. எத்தனை நாள்ங்குறது பேக்கப் பாலிசில, அதாவது எப்போ எடுக்கணும் எவ்வளவு நாள் வைக்கணும்னு சொல்ற செட்டிங்ல இருக்கு. ஸ்டாண்டர்ட் பாலிசில 1 நாள்ல இருந்து 5 நாள் வரைக்கும் வைக்கலாம், நீங்க எதையும் மாத்தலைனா 2 நாள். என்ஹான்ஸ்டு பாலிசில 30 நாள் வரைக்கும் போகும், மாத்தலைனா 7 நாள். ஒவ்வொரு தடவை எடுக்குற ஸ்னாப்ஷாட்டும் ஒரு ரெஸ்டோர் பாயிண்ட், ஒரு விஎம்மோட ரெஸ்டோர் பாயிண்ட் எல்லாத்தையும் போட்டு வைக்குற பெட்டிதான் ரெஸ்டோர் பாயிண்ட் கலெக்ஷன்.

இந்த பெட்டி உங்க விஎம் இருக்குற ரிசோர்ஸ் குரூப்ல இருக்காது, அதனாலதான் விஎம்மோட குரூப்பையே மொத்தமா அழிச்சாலும் இது தப்பிச்சு நிக்குது. பேக்கப் சர்வீஸ் தனக்குன்னு ஒரு ரிசோர்ஸ் குரூப் உருவாக்கிக்கும், அதோட பேர் அஸூர்பேக்கப்ஆர்ஜின்னு ஆரம்பிச்சு ஒரு அண்டர்ஸ்கோர், அப்புறம் ரீஜன் பேர், இன்னொரு அண்டர்ஸ்கோர், கடைசில 1, 2ன்னு ஒரு நம்பர். உங்க டீம்ல யாராவது பேக்கப் பாலிசிலயே இந்த குரூப்புக்கு வேற பேர் கொடுத்திருந்தா அந்த பேர்ல இருக்கும், இந்த பேட்டர்ன்ல குரூப்பே இல்லையேன்னு தேடிட்டு இருக்காம பாலிசியை ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க.

அந்த குரூப்பை திறந்தா முதல் தடவை பார்க்குறவங்களுக்கு காலியா இருக்குற மாதிரிதான் தெரியும். நிறைய பேர் இங்கதான் ஏமாந்து, ஒண்ணுமே இல்லையே, குரூப்பையே தூக்கிடலாம்னு மொத்தமா டிலீட் அடிக்குறாங்க. தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க. அந்த ரீஜன்ல பேக்கப் ஓடுற மத்த விஎம்களோட கலெக்ஷனும் அதே குரூப்லதான் இருக்கும், ஓடிட்டு இருக்குற டேட்டாபேஸ் விஎம்மோட பெட்டி கூட அங்கதான். லிஸ்ட்டுக்கு மேல ஹிட்டன் டைப்ஸ் காட்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், போர்ட்டல் வெர்ஷனுக்கு வெர்ஷன் அது நேரா வெளிய இருக்கும், இல்லைனா மேனேஜ் வியூ மெனுக்குள்ள இருக்கும், அதை டிக் பண்ணுங்க. பண்ணின உடனே வரிசையா வந்து நிக்கும், ஒவ்வொண்ணோட பேரும் அஸூர்பேக்கப், அண்டர்ஸ்கோர், விஎம் பேர், அண்டர்ஸ்கோர், நீளமா ஒரு நம்பர்னு இருக்கும். டைப் காலம்ல மைக்ரோசாஃப்ட் டாட் கம்ப்யூட் ஸ்லாஷ் ரெஸ்டோர் பாயிண்ட் கலெக்ஷன்ஸ்னு போட்டிருக்கும்.

சப்ஸ்கிரிப்ஷன் நிறைய இருந்தா ஒவ்வொரு குரூப்பா திறந்து பார்த்து மாளாது. போர்ட்டல்ல எல்லா சப்ஸ்கிரிப்ஷனையும் சேர்த்து தேடுற ரிசோர்ஸ் கிராஃப் எக்ஸ்ப்ளோரர்ல போய் ரிசோர்சஸ் டேபிள்ல டைப் காலம் இந்த ரெஸ்டோர் பாயிண்ட் கலெக்ஷன் டைப்பா இருக்குற வரியை மட்டும் ஃபில்டர் பண்ணி, பேர், ரிசோர்ஸ் குரூப், சப்ஸ்கிரிப்ஷன், கூடவே ப்ராப்பர்ட்டீஸ்ல இருக்குற, எந்த விஎம்மோடதுன்னு சொல்ற சோர்ஸ் ஐடி, இது நாலையும் எடுத்து ஒரு ஷீட்ல போட்டுக்கோங்க. அதே மாதிரி உயிரோட இருக்குற விஎம் லிஸ்ட்டையும் அதோட ரிசோர்ஸ் ஐடியையும் எடுத்து பக்கத்து ஷீட்ல போட்டு ரெண்டையும் பொருத்தி பாருங்க. எந்த கலெக்ஷனோட சோர்ஸ் ஐடிக்கு எதிர்ல விஎம் இல்லையோ அதுதான் அனாதை, உங்க சந்தேக லிஸ்ட் அதுதான். இது இன்னும் அழிக்குற லிஸ்ட் ஆகலை, அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

விஎம் பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு நான் கத்துக்கிட்டது ஒரு தடவை கிட்டத்தட்ட தப்பு பண்ணப் போனப்போ. ஒரு விஎம்மை அழிச்சுட்டு அதே பேர்ல, அதே ரிசோர்ஸ் குரூப்ல புதுசா ஒண்ணு உருவாக்கியிருந்தோம். பேக்கப் குரூப்ல பார்த்தா ரெண்டு கலெக்ஷன், ரெண்டுலயும் விஎம் பேர் ஒண்ணு, சோர்ஸ் ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு, ஏன்னா அந்த ஐடியே சப்ஸ்கிரிப்ஷன், குரூப், பேர் இதை வச்சுதானே வருது, கடைசில இருக்குற நீள நம்பர் மட்டும்தான் வேற. நம்பர் சின்னதா இருக்குறது பழசா இருக்கும்னு நினைச்சு ஒண்ணுல டிக் போட்டு டிலீட் பட்டன் வரைக்கும் போயிட்டேன். அப்புறம் ஏதோ தோணி ரெண்டையும் திறந்து உள்ள இருக்குற ரெஸ்டோர் பாயிண்டோட டைமை பார்த்தேன். நான் டிக் போட்டதுல கடைசி பாயிண்ட் முந்தின நாள் ராத்திரி எடுத்தது, இன்னொண்ணுல கடைசி பாயிண்ட் பல மாசத்துக்கு முன்னாடி. அன்னைல இருந்து எந்த கலெக்ஷனையும் உள்ள திறந்து கடைசி பாயிண்ட் எப்போ எடுத்ததுன்னு பார்க்காம கை வைக்குறதில்லை, நீங்களும் அப்படியே பண்ணுங்க, அரை நிமிஷம்தான் ஆகும்.

அடுத்தது, இதை வச்சது அஸூர் பேக்கப்தானான்னும் பாருங்க. ரெஸ்டோர் பாயிண்ட் கலெக்ஷனை யார் வேணாலும் உருவாக்கலாம், விஎம் பக்கத்துலயே ரெஸ்டோர் பாயிண்ட்ஸ்னு ஒரு மெனு இருக்கு, அப்டேட் போடுறதுக்கு முன்னாடி உங்க டீம்ல ஒருத்தர் கையால ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாம், வெளி கம்பெனி பேக்கப் சாஃப்ட்வேர் ஏதாவது இதே வசதியை பயன்படுத்தியிருக்கலாம். பேர் மேல சொன்ன பேட்டர்ன்ல இல்லைனா, இல்ல பேக்கப் குரூப்புக்கு வெளிய இருந்துச்சுன்னா, அது பேக்கப் சர்வீஸோடது இல்லைன்னு எடுத்துக்கிட்டு ஆளைத் தேடி கேளுங்க. டேக் இருந்தா டேக்கை பாருங்க, இல்லைனா ஆக்டிவிட்டி லாக்ல யார் உருவாக்கினதுன்னு இருக்கும், ஆனா அது 90 நாள் வரைக்கும்தான் கிடைக்கும், பழசுக்கு வாய்வழியாத்தான் விசாரிக்கணும்.

இப்போ ரொம்ப முக்கியமான இடம். வால்ட்டை திறங்க, பேக்கப் ஐட்டம்ஸ், அஸூர் விர்ச்சுவல் மெஷின், அதுல உங்க விஎம்மை கிளிக் பண்ணுங்க. கீழ ரெக்கவரி பாயிண்ட் லிஸ்ட் வரும், ஒவ்வொரு வரியிலயும் தேதி, கன்சிஸ்டன்சி, அதுக்கு பக்கத்துல ரெக்கவரி டைப்னு ஒரு காலம். அந்த காலத்தை மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் நிதானமா படிங்க. அதுல மூணு விதமா இருக்கும். வால்ட் ஸ்டாண்டர்ட்னு மட்டும் இருந்தா டேட்டா வால்ட்ல இருக்கு, ஸ்னாப்ஷாட் ஏற்கனவே போயாச்சு. ஸ்னாப்ஷாட் அண்ட் வால்ட் ஸ்டாண்டர்ட்னு இருந்தா ரெண்டு இடத்துலயும் இருக்கு, கலெக்ஷனை அழிச்சாலும் வால்ட்ல இருந்து ரெஸ்டோர் பண்ணலாம், என்ன, கொஞ்சம் நேரம் கூட ஆகும். வெறும் ஸ்னாப்ஷாட்னு மட்டும் இருந்தா அந்த தேதிக்கு உங்ககிட்ட இருக்குற ஒரே காப்பி அந்த கலெக்ஷனுக்குள்ளதான் இருக்கு, அதை அழிச்சா அந்த நாள் போச்சு, திரும்ப வராது.

வெறும் ஸ்னாப்ஷாட்னு ஏன் வருதுன்னா ரெண்டு மூணு காரணம் இருக்கு. வால்ட்டுக்கு அனுப்புற வேலை இன்னும் முடியாம இருக்கலாம். பேக்கப் ஜாப்ஸ்ல அந்த ஜாப்பை திறந்தா டேக் ஸ்னாப்ஷாட், டிரான்ஸ்ஃபர் டேட்டா டு வால்ட்னு ரெண்டு சப் டாஸ்க் இருக்கும், முதல்ல இருக்குறது கம்ப்ளீட்டட்னு பச்சையா இருந்தாலும் ரெண்டாவது இன் ப்ராக்ரஸ்ல ஓடிட்டு இருக்கும், பெரிய டிஸ்க்கா இருந்தா பல மணி நேரம் அப்படியே ஓடும். அந்த நேரத்துல கலெக்ஷன்ல கை வைக்கவே கூடாது. இன்னொரு காரணம், என்ஹான்ஸ்டு பாலிசில ஒரு நாளைக்கு பல தடவை பேக்கப் போட்டிருந்தா அன்னைக்கு எடுத்த எல்லாமும் வால்ட்டுக்கு போகாது, அன்னைக்கு கடைசில எடுத்தது மட்டும்தான் போகும், மத்ததெல்லாம் ஸ்னாப்ஷாட்டாவே இருந்து காலாவதி ஆகிடும். மூணாவது, டிரான்ஸ்ஃபர் பாதில ஃபெயில் ஆகியிருக்கலாம், அப்படி இருந்தா அதை முதல்ல சரி பண்ணிட்டு இந்த பக்கம் வாங்க.

சரி, பார்த்தாச்சு, உண்மையிலயே மிச்சம்தான்னு உறுதி ஆயாச்சு. இப்பவும் கையால அழிக்குறதுக்கு முன்னாடி பேக்கப் சர்வீஸையே அழிக்க வைக்க முடியுமான்னு பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா அதுக்கு எதை வச்சுக்கணும் எதை விடணும்னு தெரியும். சாதாரணமா காலம் முடிஞ்ச ஸ்னாப்ஷாட்டை அது 24 மணி நேரத்துக்குள்ள தானே கூட்டி தள்ளிடும். பாலிசில 2 நாள்னு போட்டும் 3 ஸ்னாப்ஷாட் இருக்கேன்னு பதறாதீங்க, அந்த கூட்டுற வேலை கொஞ்சம் பின் தங்கினா ஒண்ணு ரெண்டு கூட இருக்குறது நடக்குறதுதான். அதே மாதிரி கடைசியா எடுத்த பாயிண்டை எத்தனை நாள் ஆனாலும் அது அழிக்காது, அடுத்த பேக்கப் வெற்றிகரமா முடியுற வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கும், தொடர்ந்து பேக்கப் ஃபெயில் ஆனாலும் கையில ஒண்ணாவது இருக்கணும்ங்குற நல்ல எண்ணத்துல. அதனால பேக்கப் நின்னு போன விஎம்ல ஒரு பாயிண்ட் மட்டும் ரொம்ப நாளா ஒட்டிட்டு இருந்தா அது இந்த கணக்குதான்.

சர்வீஸ் தானா அழிக்கலைனா நான் முதல்ல பார்க்குறது லாக்தான், அதாவது அழிக்க விடாம போடுற பூட்டு, பத்துல பாதி கேஸ்ல அதுதான் குற்றவாளி. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல பாதுகாப்புக்குன்னு ஒரு நாள் சப்ஸ்கிரிப்ஷன் மட்டத்துலயே டிலீட் லாக் போட்டாங்க. நல்ல எண்ணம்தான், யாரும் தப்பித்தவறி எதையும் அழிச்சுடக்கூடாதுன்னு. ஆனா மேல போட்ட லாக் கீழ இருக்குற எல்லா குரூப்புக்கும் இறங்கும், பேக்கப் குரூப்புக்கும் சேர்த்து. அன்னைல இருந்து தினம் ஒரு ஸ்னாப்ஷாட் சேருது, பழசு எதையும் அழிக்க முடியல, யாருக்கும் எந்த சத்தமும் இல்ல. ஸ்டாண்டர்ட் பாலிசில ஒரு விஎம்முக்கு ஒரு நேரத்துல 18 இன்ஸ்டன்ட் ரெஸ்டோர் பாயிண்ட்தான் இருக்கலாம், ஏற்கனவே ஒவ்வொண்ணுலயும் ரெண்டு இருந்துச்சு, அதனால சரியா 16 நாள் ஓடி, 17வது நாள் காலைல பாதி விஎம்களோட பேக்கப் ஒட்டுமொத்தமா ஃபெயில். எல்லாத்துலயும் ஒரே எரர், கலெக்ஷன் லிமிட் முடிஞ்சிருச்சுன்னு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி போட்ட லாக்கை யாரும் இதோட சேர்த்து யோசிக்கல, நெட்வொர்க்கு, ஏஜென்ட்டுன்னு அரை நாள் போச்சு. அதனால ஒரே நாள்ல பல விஎம் சேர்ந்து இந்த எரர் காட்டினா விஎம்முக்குள்ள போகாதீங்க, நேரா லாக்கை பாருங்க.

பார்க்குறது எப்படின்னா, பேக்கப் குரூப்பை திறந்து இடது பக்கம் செட்டிங்ஸ்ல லாக்ஸ். அங்க லாக் பேர், டைப்போட கூட ஸ்கோப்னும் காட்டும், அந்த லாக் இந்த குரூப்புல போட்டதா இல்ல சப்ஸ்கிரிப்ஷன்ல இருந்து இறங்கினதான்னு அதுலதான் தெரியும், மேல இருந்து இறங்கினதை மேல போய்த்தான் எடுக்க முடியும். எடுக்க ஓனர் இல்லைனா யூசர் அக்சஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் மாதிரி ரோல் வேணும், வெறும் கான்ட்ரிப்யூட்டருக்கு முடியாது. எடுத்துட்டு அந்த விஎம்முக்கு ஒரு ஆன் டிமாண்ட் பேக்கப் ஓட விடுங்க, பேக்கப் நவ் பட்டன்தான், அது ஓடி முடிஞ்சா பழைய பாயிண்ட் எல்லாம் தானா சுத்தமாகிடும். லாக் வேணும்னு உங்க செக்யூரிட்டி டீம் பிடிவாதமா இருந்தா சப்ஸ்கிரிப்ஷன்ல ஒண்ணு போடாம தேவையான ரிசோர்ஸ் குரூப்ல தனித்தனியா போட சொல்லுங்க, பேக்கப் குரூப்பை விட்டுடுங்க, அந்த குரூப்புல லாக் போட்டா இதே கதை திரும்ப நடக்கும்.

விஎம்மே இல்ல, அப்போ ஆன் டிமாண்ட் பேக்கப் எதுல ஓட விடுறதுன்னு கேட்பீங்க, நியாயம்தான். விஎம்மை அழிச்சுட்டு வால்ட்டை மறந்துட்டா பேக்கப் ஐட்டம் வால்ட்ல அப்படியே உக்காந்திருக்கும், அதுக்கு காசும் போயிட்டே இருக்கும். முதல்ல அங்க போய் ஸ்டாப் பேக்கப் கொடுங்க. அது ரெண்டு வழி கேட்கும், டேட்டாவை வச்சுக்கவா, அழிக்கவா. ஆடிட்டுக்கோ வேற எதுக்கோ பழைய டேட்டா தேவைன்னா வச்சுக்கோன்னு கொடுங்க. இனிமே சத்தியமா வேண்டாம்னு அந்த விஎம்முக்கு சொந்தக்காரர் எழுத்துல சொன்னா மட்டும் அழின்னு கொடுங்க, போன்ல சொன்னதை நம்பி பண்ணாதீங்க. அழின்னு கொடுத்தாலும் சாஃப்ட் டிலீட் இருக்குறதால 14 நாள் வால்ட்ல வச்சிருக்கும், அந்த 14 நாளுக்கு காசு இல்ல, மனசு மாறினா அன்டிலீட் பண்ணிக்கலாம். ஆனா இந்த பாதுகாப்பு வால்ட் டேட்டாவுக்கு மட்டும்தான். நீங்க கையால அழிக்குற ரெஸ்டோர் பாயிண்ட் கலெக்ஷனுக்கு இந்த 14 நாள் கிடையாது, போனா போனதுதான், இதை பல பேர் குழப்பிக்குறாங்க.

இப்போ கையால அழிக்குறது. பேக்கப் குரூப், ஹிட்டன் டைப்ஸ் டிக், உங்க லிஸ்ட்ல இருக்குற கலெக்ஷனை பேர், கடைசி நம்பர் ரெண்டையும் ஷீட்டோட ஒத்துப் பார்த்து டிக் பண்ணுங்க, டிலீட், கன்ஃபர்ம். கலெக்ஷனை அழிச்சா உள்ள இருக்குற எல்லா பாயிண்டும் சேர்ந்து போகும், ஒவ்வொண்ணா அழிக்கணும்னு இல்ல. நோட்டிஃபிகேஷன்ல டிலீட்டட்னு வர்ற வரைக்கும் காத்திருங்க, பாயிண்ட் நிறைய இருந்தா கொஞ்சம் நேரம் எடுக்கும், நடுவுல திரும்ப திரும்ப அமுக்க வேண்டாம். முதல் தடவை ஒரே ஒரு கலெக்ஷனை மட்டும் அழிச்சு, ஒரு நாள் விட்டு எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு மத்ததுக்கு போங்க, இது பயந்து சொல்றது இல்ல, ஷீட்ல ஒரு வரி தள்ளி ஒட்டியிருந்தா அந்த ஒரு நாள்ல தெரிஞ்சிடும்.

அம்பது நூறுன்னு இருந்தா கமாண்ட் லைன்ல பண்ணலாம், அஸூர் சிஎல்ஐலயும் பவர்ஷெல்லயும் கலெக்ஷனை லிஸ்ட் எடுக்க, உள்ள பார்க்க, அழிக்க எல்லாத்துக்கும் கமாண்ட் இருக்கு. ஆனா லிஸ்ட் எடுக்குற கமாண்டையும் அழிக்குற கமாண்டையும் பைப் போட்டு ஒரே வரில ஓட விடாதீங்க, பேர்ல விஎம் பேர் இருக்கான்னு தேடுற ஸ்கிரிப்ட்டா இருந்தா ரொம்பவே ஆபத்து, வெப்1ன்னு தேடினா வெப்10, வெப்11 எல்லாம் சேர்ந்து மாட்டும். லிஸ்ட்டை ஒரு ஃபைல்ல எழுதுங்க, அந்த ஃபைலை இன்னொருத்தர் ஒரு தடவை படிக்கட்டும், அப்புறம் அந்த ஃபைல்ல இருக்குற முழு ரிசோர்ஸ் ஐடியை வச்சு மட்டும் அழிங்க.

அழிக்கும்போது சில நேரம் முரண்டு பிடிக்கும். ஸ்கோப் லாக்டுன்னு வந்தா மேல சொன்ன லாக் கதை. ஆத்தரைசேஷன் ஃபெயில்டுன்னு வந்தா அந்த பேக்கப் குரூப்ல உங்களுக்கு உரிமை இல்ல, விஎம் குரூப்ல உங்களுக்கு கான்ட்ரிப்யூட்டர் இருந்தாலும் இது தனி குரூப், இங்கயும் தனியா வேணும். டிஸ்க் ரெஸ்டோர் பாயிண்டை யாரோ பயன்படுத்திட்டு இருக்காங்க, ஷேர்டு அக்சஸ் சிக்னேச்சர் உயிரோட இருக்குன்னு வந்தா யாரோ அந்த பாயிண்ட்ல இருந்து டிஸ்க்கை டவுன்லோட் பண்ணவோ காப்பி பண்ணவோ ஒரு லிங்க் எடுத்து வச்சிருக்காங்கன்னு அர்த்தம், யாருன்னு கேட்டு அவங்க வேலை முடிஞ்சதா பார்த்துட்டு அந்த அக்சஸை ரிவோக் பண்ணிட்டு திரும்ப அழிங்க. பேக்கப் இல்ல ரெஸ்டோர் ஜாப் ஓடிட்டு இருந்தா அது முடியுற வரைக்கும் விடுங்க.

விஎம்மை வேற ரிசோர்ஸ் குரூப்புக்கோ சப்ஸ்கிரிப்ஷனுக்கோ நகர்த்துறதுக்காக வந்தவங்களுக்கு வரிசை முக்கியம். முதல்ல ஸ்டாப் பேக்கப், அதுல டேட்டாவை வச்சுக்கோன்னு கொடுங்க, இங்க அவசரத்துல அழின்னு கொடுத்தா வால்ட்ல இருக்குறதும் கிளம்பிடும். அப்புறம் பேக்கப் குரூப்ல அந்த விஎம்மோட கலெக்ஷனை மட்டும் அழிங்க, இதனால இன்ஸ்டன்ட் பாயிண்ட்தான் போகும், வால்ட்ல இருக்குற பேக்கப்புக்கு ஒண்ணும் ஆகாது. அது முழுசா போனதுக்கு அப்புறம் மூவ் பண்ணுங்க. நகர்த்தி முடிச்ச உடனே புது இடத்துல பேக்கப்பை எனேபிள் பண்ணி ஒரு தடவை பேக்கப் நவ் கொடுத்து வெற்றிகரமா முடியுதான்னு பாருங்க. நாளைக்கு பண்ணிக்கலாம்னு விட்டு அந்த விஎம் மாசக்கணக்குல பேக்கப் இல்லாம ஓடினதை நான் பார்த்திருக்கேன், மூவ் டிக்கெட்டை க்ளோஸ் பண்றதுக்கு முன்னாடி இதை முடிங்க.

அமேசான் பக்கம் ஒளிஞ்சு கிடக்குற பிரச்சனை இல்ல, ஸ்னாப்ஷாட் லிஸ்ட்லயே எல்லாம் தெரியும், ஆனா வேற மாதிரி மிச்சம் சேரும். ஒரு ஏஎம்ஐயை (புது விஎம் உருவாக்க வச்சிருக்குற இமேஜ்) வெறுமனே டிரிஜிஸ்டர் பண்ணினா அதுக்கு பின்னாடி இருக்குற ஸ்னாப்ஷாட் அப்படியே தங்கிடும், அதே நேரம் ஏஎம்ஐ உயிரோட இருக்குறப்போ அதோட ஸ்னாப்ஷாட்டை அழிக்கவும் விடாது, அதனால முதல்ல ஏஎம்ஐ, அப்புறம் ஸ்னாப்ஷாட். அமேசானோட பேக்கப் சர்வீஸான ஏடபிள்யூஎஸ் பேக்கப் எடுத்த ஸ்னாப்ஷாட்டை ஈசி2 (அமேசானோட விஎம் சர்வீஸ்) பக்கத்துல இருந்து அழிக்க முடியாது, பேக்கப் வால்ட்டுக்கு போய் அந்த ரெக்கவரி பாயிண்டை அழிக்கணும், வால்ட்ல கம்ப்ளையன்ஸ் மோட் லாக் போட்டு அவகாசமும் முடிஞ்சிருந்தா யாராலயும் அழிக்க முடியாது, காலம் முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். கூகுள்ல ஸ்னாப்ஷாட் ஷெட்யூல்ல, டிஸ்க்கை அழிச்சா அதோட ஆட்டோ ஸ்னாப்ஷாட்டை என்ன பண்ணன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, நீங்க தொடலைனா எல்லாத்தையும் வச்சுக்கும், அதனால ஷெட்யூல் போடும்போதே ரிடென்ஷன்படி அழின்னு மாத்தி வச்சா பின்னாடி இந்த வேலையே வராது.

அமேசான், கூகுள் ரெண்டுலயும் ஸ்னாப்ஷாட் இன்க்ரிமென்ட்டல்தான், ஒண்ணுக்கு மேல ஒண்ணு மாறினதை மட்டும் சேர்த்து வைக்கும். நடுவுல ஒண்ணை அழிச்சா அடுத்தது உடைஞ்சிடுமோன்னு பயப்பட வேண்டாம், அடுத்ததுக்கு தேவையான டேட்டா தங்கிடும். அதனாலயே நீங்க பத்து ஸ்னாப்ஷாட் அழிச்சும் பில் பெருசா இறங்காம போகலாம், ஒரு டிஸ்க்கோட எல்லா ஸ்னாப்ஷாட்டும் போனாதான் முழு இடமும் காலியாகும். மேனேஜர்கிட்ட இவ்வளவு மிச்சம் பண்ணுவேன்னு டிஸ்க் சைஸை கூட்டி கணக்கு சொல்லிடாதீங்க, அஸூர்லயும் ரெஸ்டோர் பாயிண்ட் முதல்ல ஒண்ணு முழுசா, அப்புறம் மாறினது மட்டும்தான், உண்மையான தொகை காஸ்ட் அனாலிசிஸ்ல பேக்கப் குரூப்பை ஃபில்டர் பண்ணினா தெரியும், அழிக்குறதுக்கு முன்னாடி அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

அழிச்சு முடிச்ச மறுநாள் மூணு இடத்தை பாருங்க. பேக்கப் ஜாப்ஸ்ல அந்த ரீஜன்ல இருக்குற எல்லா விஎம்மோட ராத்திரி பேக்கப்பும் முடிஞ்சிருக்கா, ஒண்ணு ஃபெயில் ஆகியிருந்தாலும் நீங்க தப்பான பெட்டியை தொட்டீங்களான்னு முதல்ல அங்க இருந்து தேடுங்க. பேக்கப் குரூப்புல ஹிட்டன் டைப்ஸ் போட்டு பார்த்து, அழிச்சது திரும்ப வந்திருக்கான்னு பாருங்க, வந்திருந்தா அந்த விஎம் உயிரோட இருக்கு, பேக்கப்பும் ஓடுது, உங்க அனாதை லிஸ்ட்ல தப்பு இருக்குன்னு அர்த்தம். காஸ்ட் அனாலிசிஸ் உடனே மாறாது, ரெண்டு மூணு நாள் விட்டு தினக்கணக்கு வியூல பார்த்தா அந்த ஸ்னாப்ஷாட் வரி எந்த தேதில இருந்து இறங்கியிருக்குன்னு தெரியும், அந்த தேதி நீங்க அழிச்ச தேதியோட பொருந்தினா டிக்கெட்டை மூடிடலாம்.